சிற்றுண்டி: ஒரு சொல்லின் உறவும் எதிரும்

ஆண்டுகள் பல கடந்தும் நம் நினைவைவிட்டு அகலாத விடைத்தாள் ஒன்று உண்டு. ஒலக்கூர் வட்டாரத்தில் நாம் தமிழ் பயிற்றுவித்த காலத்தில், தேர்வொன்றில் ‘சிற்றுண்டி’ என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டிருந்தோம். ‘பேருண்டி’ என்பதே நாம் எதிர்பார்த்த விடை. மாணவி ஒருத்தி ‘நோன்பு’ என எழுதியிருந்தாள். தவறெனச் சிவப்பு மையால் கோடிட்டோம். ஏன் அவ்வாறு எழுதினாய் என்று வினவவில்லை. அவ்வினாவை இன்று ஆராய்வோம்.

சொல்லமைப்பு

சிறுமை + உண்டி = சிற்றுண்டி. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் காட்டும் பண்புப்பெயர்ப் புணர்ச்சியின்படி, ‘மை’ விகுதி கெட்டு, ‘சிறு’ என்பதன் ஒற்று இரட்டித்து, சிற்றுண்டி ஆயிற்று. பெருமை + உண்டி என்பதில் ஈறு கெட்டு, முதலெழுத்து நீண்டு, பேருண்டி ஆயிற்று. சிற்றூர், பேரூர் என்பனவும் இவ்வாறே அமைந்தவை.

ஒருபொருட் சொற்கள்

ஒருபொருட் பலசொற்களைத் தொகுத்தளித்த சூடாமணி நிகண்டின் ஆசிரியர் மண்டலபுருடர் நம் சமயத்தவர் என்பதை இளையோர் அறிதல் வேண்டும். இலையடை, மெல்லடை, பூரிகை எனச் சிற்றுண்டி வகைகளின் பெயர்கள் பழைய நிகண்டுகளில் காணப்பெறுகின்றன.

இன்று வழங்குவன பலகாரம், டிபன் என்பன. ‘பலாகாரம்’ என்னும் வடசொல் பழவுணவைக் குறித்தது. நோன்பு நாளில் சோற்றை விலக்கிக் கொள்ளும் எளிய உணவுக்கு அது பெயராகி, பின்னர் இட்டிலி, தோசை, பணியாரம் அனைத்திற்கும் பொதுவாயிற்று. டிபன் என்பது இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வழங்கிய சொல்.

இவை முற்றும் ஒத்தவை அல்ல. சிற்றுண்டி அளவைக் குறிக்கும்; பலகாரம் பண்டத்தைக் குறிக்கும். பன்னிரண்டு தோசை உண்பவர் பலகாரம் உண்டவரே. சிற்றுண்டி உண்டவர் ஆகார்! காலையுணவு என்பதோ பொழுதைக் குறிக்கும். 2022 செப்டம்பர் 15 அன்று தமிழகப் பள்ளிகளில் தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் வழங்கும் உப்புமாவும் கிச்சடியும் பண்டத்தால் பலகாரம், பொழுதால் காலையுணவு.

எதிர்ச்சொற்கள்

அளவு நோக்கின் பேருண்டி, விருந்து என்பன எதிராகும். பண்டம் நோக்கின் பலகாரத்திற்குச் சோறு எதிராகும், “டிபனா, சாப்பாடா?” என்று உணவகத்தில் வினவுவது இக்கருத்திலேயே. நோன்பு என்பதோ உண்ணுதலுக்கே எதிர், சிறுமைக்கு எதிரன்று. ஆகவே இலக்கணப்படி அம்மாணவியின் விடை பொருந்தாது.

ஆயினும் அவள் எண்ணம் வெறுமையானதன்று. நம் ஆகமங்கள் கூறும் புறத்தவம் ஆறனுள் முதலாவது அநசனம், அதாவது உண்ணாமை. இரண்டாவது அவமோதரியம், அதாவது நிறைவயிற்றினும் குறைய உண்ணல். ஆடவர்க்கு 32 கவளமும் மகளிர்க்கு 28 கவளமும் நிறையுணவாக வகுத்து, அவற்றினும் குறைத்துண்பதைத் தவம் என்றனர். பேருண்டி ஒரு கரை, நோன்பு மறுகரை, இடையில் நிற்பது சிற்றுண்டி. நாம் ஒரு கரையை நோக்கினோம். அவள் மறுகரையை நோக்கினாள். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பாட்டி உண்ணாதிருப்பதையும், இயலாதோர் சிறிது பலகாரம் கொள்வதையும் கண்டு வளரும் குழந்தைக்கு அவ்விடை தோன்றுவது இயல்பே.

ஒன்று கருதத்தக்கது. மூன்று வேளையும் நிறைய உண்டு, இடையிடையே கொள்ளும் நொறுக்குத்தீனி அவமோதரியம் ஆகாது. அது பேருண்டியோடு சேர்ந்ததே. பொழுது சாய்வதற்குமுன் அளவோடு உண்டு எழுவதே அச்சொல்லுக்கு நாம் செய்யும் மதிப்பு.

அன்று அவளை அருகழைத்து வினவியிருப்பின், வகுப்பு முழுமைக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கும். விடை பிழையாயினும் வினவாது கோடிட்டது நம் பிழையே. இல்லத்தில் பிள்ளைகளின் பாடத்தைப் பார்க்கும் பெற்றோர், கோடிடுமுன் காரணம் கேட்பாராக.

பயிற்சி

1. பிரித்தெழுதுக: சிற்றறிவு, பேரறிவு.
2. காலையுணவு, பலகாரம், சிற்றுண்டி: பொருள் வேறுபாடு தருக.
3. ‘விருந்து’ என்பதற்கு எதிர்ச்சொல் யாது? காரணத்துடன் எழுதுக.