வழிச்செலவும் சிக்கனமும்

“செலவு” என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. இன்று அது பணங்கொடுத்தலையே பெரிதும் குறிக்கின்றது. பண்டு அது செல்லுதலைக் குறித்தது. தொல்காப்பியர் தம் சொல்லதிகாரத்தில் இச்சொல்லை இடம்பெயர்தற் பொருளிலேயே ஆள்கின்றார். பொருள்தேடப் புறப்படும் தலைவன் தலைவியின் துயர்கண்டு புறப்பாட்டை நிறுத்துதலைச் “செலவழுங்குதல்” என்பர் அகப்பொருள் நூலார். ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்திற்குச் செல்வோனோடு அவன் கைப்பொருளும் செல்கின்றது. திரும்புங்கால் அவன் மட்டுமே திரும்புகின்றான். ஆதலின் இரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியது பொருத்தமே எனலாம்.

விடுமுறை வந்ததும் நம் மாணவர் சிலர் ஒன்றுகூடி வண்டி அமர்த்திக்கொண்டு, ஆனைமலைக்கும் அதற்கப்பால் வால்பாறைக்கும், மேலும் நெடுந்தொலைவிலுள்ள ஊர்கட்கும் செல்லுதல் வழக்கமாகியுள்ளது. அப்பயணத்திற்கு ஆகும் பணம் பெரும்பாலும் பெற்றோர் ஈட்டியது. அதனைக் காத்தல் மாணவர் கடமை. ஆயினும், எதனைக் குறைப்பது சிக்கனம், எதனைக் குறைப்பது பேதைமை என்னும் வேறுபாட்டை அறியாது குறைப்பவர் பணத்தோடு உயிரையும் இழக்க நேரிடும். ஆகலின் வழிச்செலவை மூவகையாகப் பகுத்து ஆராய்வோம்: புறப்படுமுன் குறைப்பது, வழியிற் குறைப்பது, பிறர்மேல் ஏற்றுவது என்பன அவை. இவற்றுள் முதலாவதே சிக்கனம் என்பதும், ஏனைய இரண்டும் சிக்கனத்தின் வேடம் பூண்டவை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1. புறப்படுமுன் குறைப்பது

கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து, அதனை முடிக்கத் தன்னிடம் பொருளுண்டோ என்று கணக்கிடவேண்டும் என்னும் உவமையை நம் கல்லூரியிற் கேளாதார் இலர். லூக்கா சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில் வரும் அவ்வுவமை வழிச்செல்வார்க்கும் ஏற்றதே. நாமும் உட்கார்ந்து கணக்கிடுவோம்.

மூன்று நாளில் 600 கிலோமீட்டர் செல்லும் ஒரு பயணத்தை எடுத்துக்கொள்க. வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுமாயின் 40 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 4,000 ரூபாய் ஆகும். இருவர் செல்லின் தலைக்கு 2,000 ரூபாய். ஐவர் செல்லின் தலைக்கு 800 ரூபாய். இனி, வண்டியைச் சீராகப் பேணாமலும் மிக விரைந்து ஓட்டியும் லிட்டருக்கு 12 கிலோமீட்டரே கிடைத்தது என்க. அப்போது 50 லிட்டர் செலவாகும். ஐவருக்கும் சேர்ந்து 1,000 ரூபாய், அஃதாவது தலைக்கு 200 ரூபாய் மிகும். வெற்றிருக்கைகளை நிரப்புவதால் ஒருவர்க்கு மிஞ்சுவது 1,200 ரூபாய். ஓட்டுந் திறத்தால் மிஞ்சுவது 200 ரூபாய். இரண்டும் வேண்டுவனவே, எனினும் முன்னது பெரிதென்பதைக் கணக்கு காட்டிவிடுகின்றது.

கூடிச்செல்லுதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்கும் கொங்குநாட்டிற்கும் இடையே பண்டு நிகழ்ந்த வாணிகத்திற்கு, 1842ஆம் ஆண்டில் கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரிற் கிடைத்த உரோமக் காசுகள் சான்றாகும். பழங்கால வணிகர் நெடுவழியில் தனித்துச் செல்லாது “சாத்து” என்னும் கூட்டமாகவே சென்றனர். காவலும் வழிகாட்டலும் பலர்க்கும் பொதுவாயின. எடப்பாடியினின்றும் ஆண்டுதோறும் தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குக் கால்நடையாக வரும் பெருங்கூட்டத்தார், தமக்கு வேண்டும் பஞ்சாமிர்தத்தையும் விலைக்கு வாங்காது, பழனியிலேயே தாமே கூடிச் செய்துகொள்கின்றனர். பஸ் என்பதும் பலர் கூடி ஒரு வண்டியின் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடன்றி வேறன்று. 1920ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்கள் ஒரே ஒரு பஸ்ஸைக் கொண்டு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கினார்கள். வண்டி வைத்திருப்போரும், ஒருவர் அல்லது இருவராய்ச் செல்லுங்கால் பஸ்ஸிற் செல்வதே குறைந்த செலவென்பதை மறத்தலாகாது.

அடுத்தது உணவு. நெடுவழியிற் பணம் கரைவது சிறு சிறு தொகையாக உணவு விடுதிகளிலேயாம். நம் முன்னோர் கட்டுச்சோறின்றிப் புறப்பட்டதில்லை. புளிச்சோறு புளியின் புளிப்பாலும் எண்ணெயின் காப்பாலும் விரைவிற் கெடுவதில்லை. தயிர்ச்சோற்றை நண்பகலுக்குள் உண்டுவிடல் வேண்டும். எள்ளுருண்டையும் கடலையுருண்டையும் பல நாள் இருக்கும்.

“பாரம் ஏற்றினால் எரிபொருள் மிகுதியாகுமே” என்று சிலர் ஐயுறலாம். இயற்பியல் கற்கும் மாணவர் இதனை எளிதிற் கணக்கிடலாம். ஆழியாற்றின் அடிவாரத்தினின்றும் வால்பாறைக்கு ஏற்றம் ஏறக்குறைய 750 மீட்டர். 20 கிலோகிராம் உணவை அவ்வுயரத்திற்குத் தூக்க வேண்டும் ஆற்றல் ஏறக்குறைய 1,47,000 ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் நாலிலொரு பங்கே சக்கரத்திற்குப் பயன்படும் என்று கொண்டாலும், இவ்வேற்றத்திற்கு 20 மில்லிலிட்டர் பெட்ரோலும் வேண்டுவதில்லை. அதன் விலை இரண்டு ரூபாய்க்கு மேற்படாது. சோற்றுப் பாத்திரத்தை வீட்டில் விட்டுச்செல்பவன் இரண்டு ரூபாயைக் காத்து இருநூறு ரூபாயை இழக்கின்றான். ஆனால் மூட்டைகளை வண்டியின் கூரைமேற் கட்டுதல் வேறு. அவை காற்றை எதிர்த்து நின்று வழிநெடுக எரிபொருளை உண்ணும். காற்றின் தடை விரைவின் வர்க்கத்திற்கேற்ப மிகுமாதலால், 60 கிலோமீட்டர் விரைவில் உள்ள தடை 90 கிலோமீட்டர் விரைவில் இரண்டேகால் மடங்காகின்றது. டயரிற் காற்றுக் குறைந்திருப்பினும் எரிபொருள் வீணாகும். ஆகவே காற்றைச் சரிபார்த்தலும், சிறிது முந்திப் புறப்பட்டு மெல்லச் செல்லுதலும் காசில்லாமற் செய்யத்தக்க சிக்கனங்கள்.

யாவற்றினும் மலிவான முன்னேற்பாடு, முன்பு சென்றுவந்தவரைக் கேட்டறிதல். நம் ஆற்றுப்படை நூல்கள் இதற்கென்றே எழுந்தவை போலும். கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெற்ற மலைபடுகடாத்தில், பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் கூத்தனுக்கு மலைவழியில் எங்கே உணவு கிடைக்கும், எங்கே தங்கலாம் என்பதை மட்டுமா கூறுகின்றான்? யானைகளை ஓட்டத் தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும் என்பதையும் கூறி எச்சரிக்கின்றான். இன்று ஆழியாற்றில் உள்ள வனத்துறைச் சோதனைச்சாவடி எந்நேரம் வரை வண்டிகளை விடும் என்பதை முன்னரே கேட்டறியாதவன், இரவில் திரும்பிப் பொள்ளாச்சிக்கு வந்து எதிர்பாராத அறைவாடகை கொடுக்க நேரிடலாம்.

2. வழியிற் குறைப்பது

இனி இரண்டாவது வகை. புறப்பட்ட பின்னர், “இன்னும் எதையாவது குறைக்கலாமே” என்னும் ஆசையாற் செய்வன பெரும்பாலும் தீமையாய் முடியும்.

ஆழியாற்றினின்றும் வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. இறங்கி வருங்கால் எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி, கியரை நீக்கி நியூட்ரலில் வண்டியை உருளவிடுவோர் உளர். பொறியையே நிறுத்திவிடுவோரும் உளர். கார்புரேட்டர் பொருத்திய பழைய பொறிகளில் இதனாற் சிறிது மிச்சமானது உண்மையே. இக்காலப் பொறிகளில் அதுவும் இல்லை. கியரில் இருக்கும்போது முடுக்கியினின்றும் காலை எடுத்தால் சக்கரமே பொறியைச் சுழற்றும். எரிபொருள் செல்வது தானே நின்றுவிடும். நியூட்ரலிலோ பொறி அணையாதிருக்க எரிபொருள் சென்றுகொண்டே இருக்கும். ஆகவே ஆபத்தை விலைக்கு வாங்குவதோடு பெட்ரோலையும் வீணாக்குகின்றோம்.

ஆபத்து எத்துணைப் பெரிது என்பதையும் கணக்கிடுவோம். ஆட்களோடு 1,500 கிலோகிராம் நிறையுள்ள வண்டி 750 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் ஜூல். அது 30 பாகை வெப்பமுள்ள 37 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதில் ஒரு பங்கைக் காற்றும் சாலையும் ஏற்கும். எஞ்சியதைப் பொறி ஏற்கவேண்டும். அதனைக் கழற்றிவிட்டால் பிரேக்குகளே ஏற்கவேண்டும். சூடு மிகுந்தால் பிரேக்கின் பிடி தளரும். அதிலுள்ள திரவம் கொதித்து ஆவிக்குமிழி உண்டாயின் மிதி அழுந்துமேயன்றி வண்டி நில்லாது. பொறியை நிறுத்திவிட்டாலோ பிரேக்கிற்குத் துணைசெய்யும் விசையும் சிறிது நேரத்தில் ஒழியும், திருப்புதலும் கடினமாகும். எந்தக் கியரில் ஏறவேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குதல் வேண்டும் என்னும் பழைய விதியை மலைச்சாலை ஓட்டிகள் பொன்னேபோற் போற்றுதல் இதனாலேயே.

இவ்வகையைச் சார்ந்தது இரவுத் தூக்கத்தைக் குறைத்தலும். ஓரிரவு அறைவாடகையை மிச்சப்படுத்த விடியவிடிய ஓட்டுவோர், பின்னிரவில் கண் தம்மையறியாமல் மூடும் கணத்தில் யாவற்றையும் இழக்கின்றனர். 60 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். மூன்று நொடி கண்ணயர்ந்தால் 50 மீட்டர் தூரம் வண்டி ஓட்டுவாரின்றி ஓடுகின்றது. அறைவாடகை மிகுதியென்று தோன்றினால் பயணத்தில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம், தூக்கத்தைக் குறைத்தலாகாது. தேய்ந்த டயரை மாற்றாமையும், குடிக்க நல்ல நீர் வாங்காமையும் இத்தகையனவே.

3. பிறர்மேல் ஏற்றுவது

மூன்றாவது வகை நுட்பமானது. இதிற் செலவு குறைவதில்லை. நம் பையினின்றும் பிறர் பைக்கு மாறுகின்றது. சாலையோரத்தில் இளநீர் விற்கும் முதியவளிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசி வென்றவன், மிச்சப்படுத்தியது தன் சிக்கனத்தாலன்று; அவள் கூலியினின்றும் எடுத்துக்கொண்டான். குப்பைக்கூடை தேடும் வருத்தத்தை மிச்சப்படுத்தி, நெகிழிப் புட்டிகளை ஆற்றோரத்தில் எறிபவன் அதனைப் பொறுக்கும் வேலையை மலைவாழ்வார்க்கு விட்டுச்செல்கின்றான். எஞ்சிய சோற்றைக் குரங்குகளுக்கு வீசுதலும் தருமமன்று. வால்பாறைப் பகுதியில் வாழும் சிங்கவால் குரங்குகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வன அல்ல. சோற்றைக் கண்டு சாலைக்கு இறங்கப் பழகிய குரங்கு வண்டிச் சக்கரத்தில் மாய்கின்றது. நம் மிச்சத்தின் விலையை அது கொடுக்கின்றது.

நம் முன்னோர் செய்தது இதற்கு நேர்மாறானது. வழிச்செல்வார் செலவைத் தாம் ஏற்றுக்கொள்வதையே அவர்கள் அறமாகக் கருதினர். 1689 முதல் 1706 வரை திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்ட இராணி மங்கம்மாள் சாலையோரங்களிற் சத்திரங்கள் அமைத்தமையால் இன்றும் நினைக்கப்படுகின்றார். கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைத்தனர். தலைச்சுமையோடு நடப்போர் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றிக்கொள்ளுமாறு சுமைதாங்கிக் கற்களை நாட்டினர். வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நடும் வழக்கமும் இருந்தது. வழியில் யாரென்று அறியாதவரின் சுமையையும் தாங்கிய நாடு இது. அவ்வழியிற் செல்லும் நாம் நம் சுமையைப் பிறர் தலையில் ஏற்றுதல் தகுமோ?

ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறைக்குப் புறப்படுமுன் ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். துணைவர், உணவு, டயர்க் காற்று, தங்குமிடம், கேட்டறிந்த செய்தி ஆகியவற்றை முதற்பத்தியில் எழுதி, அங்கே எத்துணைக் குறைக்கலாமோ அத்துணையும் குறையுங்கள். பிரேக், டயர், உறக்கம், நீர் ஆகியவற்றை இரண்டாம் பத்தியில் எழுதி, அங்கே ஒரு காசும் குறையாதிருங்கள். வழியில் நமக்கு உழைப்பார்க்குத் தரவேண்டியதை மூன்றாம் பத்தியில் எழுதி, அதனை முழுமையாகக் கொடுங்கள். இங்ஙனம் செல்வோர் செலவு குறையும். சென்றவர் யாவரும் வீடு திரும்புவர்.