கிறவற் பாதையும் முந்திரிகைச் சரிவும்



சென்ற ஆண்டு எமது மேற்பிரிவு வகுப்பில் ஒரு மாணவன் தன் புதிய மிதிவண்டியைப் பற்றிக் கட்டுரை எழுதினான். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் வளைந்த கைபிடியும் அகன்ற ரயரும் உடைய அவ்வண்டியை இந்நாட்டார் ‘கிரேவல் பைக்’ என்கின்றனர். இதற்குத் தமிழிற் சொல் இல்லை என்று அவன் ஓரத்தில் குறித்திருந்தான். சொல் உண்டு. ஆங்கிலத்திலிருந்து வந்ததாயினும் ‘கிறவல்’ என்பது ஈழத்தில் நெடுங்காலமாக வழங்கும் சொல். வன்னியிலே தார் காணாத வீதிகள் பலவும் கிறவல் வீதிகளே. மாரியிற் சேறும் கோடையிற் செம்புழுதியுமாகக் கிடந்த அத்தகைய வீதியொன்றால் நாம் ஏழாண்டுகள் கற்பிக்கச் சென்று வந்தோம். எமது வண்டி சாதாரண வண்டி, வீதிதான் கிறவல். இங்கே அந்த வீதிக்கென்றே வண்டி செய்து விற்கின்றனர். விலையைக் கேட்டபோது நாம் சற்று நேரம் பேசவில்லை.

அக்கட்டுரையின் பயனாக, வகுப்பில்லாத ஒரு வைகாசிச் சனிக்கிழமையில், மாணவரும் பெற்றோருமாகப் பதினான்கு பேர் மோசல் ஆற்றங்கரைக்குச் சென்றோம். திரிட்டன்ஹைம் என்னும் ஊரிற் புறப்பட்டு, நொய்மாகன், பீஸ்போர்ட் வழியாகப் பேர்ண்காஸ்டல்-கூஸ் வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பெரும்பகுதி ஆற்றோரப் பாதை. இடையிடையே முந்திரிகைத் தோட்டங்களினூடே ஏறும் கிறவற் பாதை.

இவ்விடத்தில் ஒரு சொல் விளக்கம் வேண்டும். பாடநூலில் ‘திராட்சை’ என்று படிக்கும் பிள்ளைகள், வீட்டில் அம்மம்மா ‘முந்திரிகை’ என்பதைக் கேட்டு மயங்குகின்றனர். தமிழ்நாட்டில் முந்திரி என்பது கொட்டைப் பருப்பு. யாழ்ப்பாணத்தில் அதனைக் கஜு என்போம், மரமுந்திரிகை என்றும் சொல்வோம். கொடியிற் காய்ப்பதே எமக்கு முந்திரிகை. வலிகாமத்துச் செம்மண்ணில் பந்தலிட்டு வளர்த்த முந்திரிகைத் தோட்டங்களைப் பெற்றோர் பலர் அறிவர். மோசலிற் பந்தல் இல்லை. மரபுமுறைத் தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு தனிக் கம்பு நட்டு, இரு கிளைகளை வளைத்து இதய வடிவிற் கட்டுகின்றனர். சரிவு அத்துணைச் செங்குத்து. தொழிலாளி ஒவ்வொரு கம்பையும் சுற்றிவந்து வேலை செய்வதற்கு அம்முறையே ஏற்றது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் பிரெம் என்ற ஊரிலுள்ள கல்மொன்ற் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை சாய்ந்தது.

ஏன் இத்துணைத் துன்பப்பட்டு மலையிற் பயிரிட வேண்டும்? சூரியனே காரணம். மோசற் பள்ளத்தாக்கு 50 பாகை வட அகலக்கோட்டை ஒட்டியது. யாழ்ப்பாணமோ 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. பகலும் இரவும் சமமாகும் நாளில் இங்கு நண்பகற் சூரியன் அடிவானிலிருந்து 40 பாகை உயரத்திலேயே நிற்கும். சமநிலத்தில் ஒளி சாய்ந்து விழுந்து பரந்துவிடும். தெற்கு நோக்கி 30 பாகை சாய்ந்த நிலத்திலோ அது செங்குத்துக்கு அண்மித்து விழும். ஒரு சதுர மீற்றருக்குக் கிடைக்கும் ஒளி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். பத்தாம் வகுப்பு மாணவர் 70 பாகையின் சைனை 40 பாகையின் சைனால் வகுத்துப் பார்க்கலாம். ஆறு நேராக ஓடாமையும் ஒரு பேறாகும். றியர் நகரிலிருந்து கோப்லென்ஸ் நகர்வரை நேர்கோட்டில் 100 கிலோமீற்றர்கூட இல்லை. ஆறு ஏறக்குறைய இருமடங்கு தூரம் வளைந்து வளைந்து செல்கின்றது. அவ்வளைவுகளே தெற்கு நோக்கிய சரிவுகள் பலவற்றைத் தந்தன.

நிலம் சிலேற்றுக்கல், பெற்றோர் பலர் முதன்முதலில் ‘அ’ எழுதிய கற்பலகையின் கல். ஏறத்தாழ 400 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்த சேறு இறுகி உண்டானது. பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் மெல்ல விடும் இக்கல், பிந்திப் பழுக்கும் றீஸ்லிங் இனத்துக்கு உதவுகின்றது. பழம் வைனுக்கே செல்கின்றது. நாம் பழச்சாறு பருகித் திரும்பினோம் என்பதைப் பெற்றோர் அறிய எழுதுகின்றோம்.

இத்தொழில் உரோமர் காலத்தது. ஒளசோனியுஸ் என்னும் புலவர் கி.பி. 371ஆம் ஆண்டளவில் இவ்வாற்றைப் பற்றி இலத்தீனில் ஒரு நெடும்பாட்டு இயற்றினார். காட்டுவழியால் வந்த அவர் ஆற்றை எதிர்கொண்ட இடம் நொய்மாகன். அவ்வூரில் 1878இல் கிடைத்த கற்சிற்பம், வைன் பீப்பாக்கள் ஏற்றிய துடுப்புப் படகைக் காட்டுகின்றது. மூலச் சிற்பம் றியர் நூதனசாலையில் உள்ளது. பீஸ்போர்ட்டில், மலையடிவாரத்தில், 1985இல் உரோமரது பெரிய பழம் பிழியுங் கூடமொன்று வெளிப்பட்டது. அதன் அருகிலிருந்து உணவுப் பொதிகளை அவிழ்த்தோம்.

உரோமர் காலம் பழையது. ஆனால் நாம் மிதித்த பாதைகளுட் பல புதியவை. இங்கு தந்தையின் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோரும் பங்கிட்டனர். தலைமுறைதோறும் துண்டுகள் சிறுத்தன. பங்குக் காணி, சீதனக் காணி வழக்குகளை அறிந்த எம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வண்டி செல்ல வழியில்லாத துண்டுகளிலிருந்து பழத்தை முதுகுக் கூடையிற் சுமந்து இறங்கினர். 1953ஆம் ஆண்டின் காணிச் சீரமைப்புச் சட்டத்தின்படி துண்டுகளை ஒன்றுசேர்த்து, உழவுயந்திரம் ஏறத்தக்க பாதைகள் பல வெட்டப்பட்டன. ஆகவே இவை வேலைப் பாதைகள். பின்னால் உழவுயந்திரம் வந்தால் மணியடித்து வழி கேட்கும் உரிமை அதற்கே உண்டு. நாம் இறங்கி ஒதுங்கவேண்டும். அறுவடைக் காலத்தில் சில ஊர்களில் தோட்டப் பாதைகளை மூடியும் விடுவர். ஒரு பழந்தானே என்று பறிப்பதும் களவே.

பீஸ்போர்ட்டுக்கு மேலுள்ள ஏற்றத்தில் மாணவியொருத்தியின் வண்டி வழுக்கி நின்றது. ரயரில் காற்று அளவுக்கு மிஞ்சியிருந்தது. காற்றமுக்கத்தை ‘பார்’ என்னும் அலகால் அளப்பர். ஒரு பார் என்பது ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் பாரம் தாங்குவது. வண்டியும் ஆளுமாக 80 கிலோ எனில், 5 பார் காற்றில் இரு ரயர்களும் சேர்ந்து 16 சதுர சென்ரிமீற்றரே நிலத்தைத் தொடும். காற்றை 2.5 பாராகக் குறைத்தால் 32. தார்வீதியில் இறுகிய ரயர் நன்று. கிறவலில் அது கல்லுக்குக் கல் துள்ளும், மிதித்த வலு வீணாகும். காற்றைக் குறைத்ததும் அவள் ஏறிவிட்டாள். சற்று அப்பால், சிலேற்றுச் சில்லொன்று அதே ரயரைக் கிழித்தது வேறு கதை.

அப்பொழுது பெற்றோருள் ஒருவர் முன்வந்தார். கூட்டங்களிற் பின்வரிசையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாதவர். ரியூப்பை உருவி, ஆற்றுநீரில் அமிழ்த்தி, குமிழி எழுந்த இடத்தைக் கண்டு, அரத்தால் உரஞ்சி, சொலூசன் பூசி, ஊதிக் காயவிட்டு ஒட்டினார். கிழிந்த ரயரின் உட்புறத்தில் நாணயத்தாளொன்றை மடித்து வைத்தார். எரிபொருள் தடையிருந்த காலத்தில் ஊரிற் பழகிய கை. பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து நின்றனர். அவருடைய மகன் எல்லோருக்கும் முன்னே நின்றான்.

வழியில் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. பேர்ண்காஸ்டலில் ஆற்றங்கரைப் புல்லில் இருந்தபோதே சொன்னோம். புறப்பட்ட சில கிலோமீற்றரில் றியர்-சார்பூர்க் மாவட்டம் முடிந்து பேர்ண்காஸ்டல்-விற்லிக் மாவட்டம் தொடங்கியதை எவரும் கவனிக்கவில்லை. நாம் கவனித்தோம். 2010இல் நாம் புகலிடம் கோரியபோது, வேறொரு மாநிலத்தில், ஒரு மாவட்டத்துக்குள் இருக்குமாறு விதிக்கப்பட்டோம். அனுமதியின்றி எல்லை கடத்தல் தண்டனைக்குரியது. 1982இல் வந்த அச்சட்டம் 2015இன் தொடக்கத்தில் பெரிதும் தளர்த்தப்பட்டது. இடையில் எமக்கு ஒரு பழைய மிதிவண்டி கிடைத்தது. தார்வீதியில் மாவட்டம் முடியுமிடத்தைப் பலகை சொல்லும், அங்கே திரும்பிவிடலாம். வயலூடாகச் செல்லும் கிறவற் பாதையிற் பலகை இல்லை. கிறவல் வீதியிற் பிறந்து வளர்ந்த நாம், இரண்டாண்டுகள் தார்வீதியை விட்டு இறங்கவில்லை.

“சேர், இன்றைக்கு அந்த எல்லை எந்த இடத்தில் இருந்தது?” என்று கட்டுரை எழுதிய மாணவன் கேட்டான். ஒரு வாதுமை மரத்தருகே என்றோம். தான் அம்மரத்தைக் காணவேயில்லை என்றான்.

வரும் தவணையில் மேலே சொன்ன பெற்றோர் ரியூப் ஒட்டுதலைத் தமிழிற் கற்பிக்க இசைந்துள்ளார். அரம், சொலூசன், பழைய ரியூப் ஒன்று ஆகியவற்றுடன் மாணவர் வரவேண்டும். பாடம் முற்றத்தில் நடைபெறும்.