தாத்தாவின் கதையைத் தேடி

உங்கள் தாத்தா இளமையில் எழுதிய சிறுகதை ஒன்று தமிழ் முரசு நாளிதழில் வெளிவந்ததாக வீட்டில் சொல்கிறார்கள். ஆனால், அந்த இதழ் இப்போது யாரிடமும் இல்லை. வீடு மாறியபோது பழைய தாள்களோடு அதுவும் போய்விட்டது. அந்தக் கதையைப் படிக்க விரும்பினால் நீங்கள் எங்கே தேடுவீர்கள்?

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் இதற்கு உதவும். அது பழைய நாளிதழ்களை மின்வடிவில் மாற்றி, ஓர் இணையத்தளத்தில் தொகுத்து வைத்துள்ளது. தமிழ் முரசின் பழைய இதழ்கள் அங்கே உள்ளன. 1887ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கப்பட்ட ‘சிங்கை நேசன்’ வார இதழையும் அதில் காணலாம். கதை வெளிவந்த ஆண்டும் மாதமும் தெரிந்திருந்தால் தேடுவது எளிது. தெரியாவிட்டால், விக்டோரியா தெருவில் உள்ள தேசிய நூலகத்திற்குச் சென்று நூலகரிடம் கேளுங்கள். தேடும் வழியைக் கற்றுத் தருவதும் நூலகரின் பணியே.

இத்தகைய சேவை எல்லாருக்கும் எப்போதும் கிடைத்ததில்லை. முன்பு இருந்த ராஃபிள்ஸ் நூலகத்தில் நூல்களை இரவல் பெறச் சந்தா கட்ட வேண்டும். அங்கிருந்தவை பெரும்பாலும் ஆங்கில நூல்களே. 1953ஆம் ஆண்டில், தொழிலதிபர் லீ கொங் சியான் புதிய நூலகம் கட்ட 375,000 வெள்ளி நன்கொடை அளிக்க முன்வந்தார். நூலகம் அனைவருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், உள்ளூர் மொழி நூல்களுக்கும் இடம் தர வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் எழுந்த அந்தச் செங்கல் கட்டடம் 1960ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. சுரங்கச்சாலை அமைப்பதற்காக அக்கட்டடம் 2004ஆம் ஆண்டில் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டபோது பலர் வருந்தினர். கட்டடம் மறைந்தது; அது காத்த நூல்கள் மறையவில்லை. 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 16 மாடிப் புதிய கட்டடம் அவற்றுக்கு இல்லமானது.

நூல்களைச் சேகரிக்கச் சட்டமும் துணை நிற்கிறது. சிங்கப்பூரில் ஒரு நூலை அச்சிட்டு வெளியிடுபவர், நான்கு வாரங்களுக்குள் அதன் இரண்டு படிகளை நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். உள்ளூர்த் தமிழ் நூல்கள் பெரும்பாலும் சில நூறு படிகளே அச்சாகின்றன. அவை விற்றுத் தீர்ந்தபின் கடைகளில் கிடைப்பது அரிது. அந்த இரண்டு படிகளும் இல்லையென்றால், நம் எழுத்தாளர்களின் உழைப்பு ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோகும்.

2015ஆம் ஆண்டில், நாட்டின் பொன்விழாவையொட்டி, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவில் மாற்றப்பட்டன. எழுத்தாளர்கள் அனுமதி தந்தனர். தொண்டூழியர்கள் எழுத்துப்பிழைகளைத் திருத்தினர். 350க்கும் மேற்பட்ட நூல்கள் இவ்வாறு இணையத்தை அடைந்தன.

எழுதப்படாத நினைவுகளும் காக்கப்படுகின்றன. 1979ஆம் ஆண்டு முதல், பலதரப்பட்ட மக்களை நேர்கண்டு அவர்களின் வாழ்க்கை அனுபவங்களைக் குரல்பதிவு செய்து வருகிறார்கள். வாய்மொழி வரலாறு எனப்படும் இத்தொகுப்பு, வாரியத்தின்கீழ் இயங்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

வாரியத்தின் சேவைகள் இத்துடன் முடிவதில்லை. வட்டாரங்கள்தோறும் பொது நூலகங்கள் உள்ளன. எஸ்பிளனேடில் இசை, நடனம், நாடகம், திரைப்படம் ஆகிய கலைகளுக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. ‘மோலி’ என்னும் நடமாடும் நூலகப் பேருந்து, நூலகத்திற்கு எளிதில் வர இயலாதவர்களைத் தேடிச் செல்கிறது. மின்னூல்களையும் ஒலிநூல்களையும் கைப்பேசியிலேயே இரவல் பெறலாம்.

ஆயினும், ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. நூலகம் தன்னிடம் வந்து சேர்ந்தவற்றை மட்டுமே காக்க முடியும். தாத்தாவின் கதை அச்சில் வந்ததால் அதைத் தேடிப் பார்க்க வழி இருக்கிறது. பாட்டி எழுதிய கடிதங்களுக்கும் அவர் மனத்தில் இருக்கும் நினைவுகளுக்கும் அந்த வழி இல்லை. அவற்றைக் கேட்டு எழுதி வைப்பது யார் பொறுப்பு?

சிந்திப்போம்: உங்கள் வீட்டில் இன்னும் எழுதப்படாத கதை எது? அதை யாரிடம் கேட்டு அறிவீர்கள்?