எட்டு மணிக்குப் பள்ளி என்றால் கடிகாரம் இரண்டு காட்டும்

1961 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கென்னடி ‘பீஸ் கோர்’ என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டே ஏறக்குறைய 300 பேர் எத்தியோப்பியாவுக்குப் போனார்கள். பெரும்பாலோருக்கு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பணி. காலம் இரண்டு ஆண்டுகள். ஊதியம் என்று இல்லை. உள்ளூரில் வாழ்வதற்கான படிதான். பலர் அப்போதுதான் பட்டம் பெற்றவர்கள், ஆசிரியர் பயிற்சி இல்லாதவர்கள். பி.எட். முடித்து வகுப்பறைக்கு வந்த நமக்கு இது சற்று உறுத்தத்தான் செய்யும். ஆனால் அவர்களின் அன்றாட வாழ்க்கையில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

அங்கே நாள் விடியலில் தொடங்குகிறது. நமது காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. எட்டு மணிக்குப் பள்ளி என்றால் ஊரார் வாயில் அது இரண்டு மணி. ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள். பன்னிரண்டு மாதங்களுக்கு முப்பது நாள், கடைசி மாதத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள். செப்டம்பரில் புத்தாண்டு. படித்துப் பட்டம் வாங்கியவர் மணி கேட்கவும் தேதி எழுதவும் முதல் வகுப்புப் பிள்ளைபோலத் தொடங்க வேண்டும்.

எழுத்தும் அப்படியே. அம்ஹாரிக் மொழியில் ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவங்கள். நம் உயிர்மெய் வரிசையைப் போன்ற அமைப்பு என்பதால் நமக்கு எளிதாகப் புரியும். இருபத்தாறு எழுத்தோடு வளர்ந்தவருக்கு இருநூறுக்கு மேற்பட்ட வடிவங்கள் மலைப்புதான். தொண்டையை அடைத்து வெடிப்பாகச் சொல்லும் ஒலிகள் சில உண்டு. நம் ழகரத்தில் வெளியூர்க்காரர் படும் பாட்டை அங்கே அவர் பட வேண்டும்.

தெருவில் பிள்ளைகள் ‘ஃபெரெஞ்சி’ என்று கூவுவார்கள். வெள்ளைக்காரர் என்று பொருள். நம் ‘பரங்கி’யும் அதே வேரிலிருந்து வந்த சொல். ஒரே தட்டில் பலர் சுற்றி அமர்ந்து இன்ஜெரா சாப்பிடும்போது, பக்கத்தில் இருப்பவர் ஒரு கவளத்தை உருட்டி விருந்தினர் வாயில் ஊட்டுவார். அது அன்பு, மறுக்கக் கூடாது. காப்பிக்கு அழைத்தால் மூன்று சுற்று முடியும்வரை எழுந்திருப்பது மரியாதையில்லை.

இன்னொன்று ஆசிரியருக்கு மிக முக்கியம். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் பலர் சட்டென்று மூச்சை உள்ளிழுப்பார்கள். பதறியதுபோல் தோன்றும். அதுதான் அங்கே ‘ஆமாம்’.

இனி அந்த மாணவர் பக்கம் வருவோம். அன்றைய ஏற்பாட்டில் தொடக்கக் கல்வி அம்ஹாரிக்கில். ஏழாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில். வீட்டில் ஒரோமோ பேசும் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. அறிவியல் தெரிந்த பிள்ளையும் அறிவியல் வகுப்பில் வாயடைத்து நிற்கும். (1994 கொள்கைக்குப் பின் தொடக்கக் கல்வி தாய்மொழிகளுக்கு வந்தது.) காலையில் சந்தையில் வெங்காயம் வாங்கச் சொல் கிடைக்காமல் விழித்த ஆசிரியரால் அந்த மௌனத்தை மந்தம் என்று எளிதில் முடிவு கட்ட முடியாது. பயிற்சி கொடுக்காத ஓர் அறிவை அன்றாட வாழ்க்கை கொடுத்தது என்பது என் கருத்து. இரண்டு ஆண்டில் அவர் ஊர் திரும்பிவிடுவார், பள்ளியைத் தாங்கி நிற்பவர் உள்ளூர் ஆசிரியர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் பள்ளிகளில் இன்று ஒடியாவும் வங்காளியும் இந்தியும் பேசும் தொழிலாளர் பிள்ளைகள் சேர்கிறார்கள். அவர்களுக்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் அந்தப் பிள்ளையிடம் சுண்ணக்கட்டியைக் கொடுங்கள். தன் மொழியில் ஒன்று முதல் பத்துவரை எழுதட்டும். வகுப்போடு சேர்ந்து ஆசிரியரும் குறிப்பேட்டில் எழுதிச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும். உச்சரிப்பை அந்தப் பிள்ளையே திருத்தட்டும். அடுத்த வாரம் பழம், காய்களின் பெயர்கள். அதே சொற்களைத் தமிழில் சொல்லும் முறை அதற்கு அடுத்த வாரம் வரலாம்.