நாலு நாள் வீடு

கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் இறங்கினால் எதிரே பழைய கோட்டை வாசல் தெரியும். வாசலைத் தாண்டினால் பத்மதீர்த்தக் குளம். குளத்துக்கு அப்பால் பத்மநாபசுவாமி கோயில் கோபுரம். இந்தப் பக்கம் திரும்பினால் சாலைக் கடைத்தெரு. அரிசி, மிளகாய், பாத்திரம், பூ எல்லாம் அங்கே கிடைக்கும். தமிழும் மலையாளமும் அங்கே சேர்ந்தே கேட்கும்.

அந்தக் கடைத்தெருவின் பின்னால் ஒரு சந்தில் எங்கள் படிப்பு வட்டம் நடக்கிறது. மாலை ஏழு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பூக்கட்டும் அக்கா வருவார். மாவு அரைத்து விற்கும் சித்தி வருவார். மூட்டை தூக்கும் அண்ணன்கள் இரண்டு பேர் வருவார்கள். ஒருநாள் கரும்பலகையில் ‘வாடகை’ என்று எழுதினேன். அன்று பாடம் நடக்கவில்லை. பேச்சுத்தான் நடந்தது. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முன்பு எங்கே தங்கினார்கள்?

வெளியூர் போனால் எங்கே தங்குவது? இது பழைய கேள்வி. நம் முன்னோர்கள் நடந்தும் மாட்டுவண்டியிலும் போனார்கள். வழியில் சத்திரங்கள் இருந்தன. திருவிதாங்கூர் நாட்டில் கல்தூண் வைத்த வழியம்பலங்கள் இருந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் சாலையோரம் இன்றும் சிலவற்றைக் காணலாம். பக்கத்திலேயே சுமைதாங்கிக் கல்லும் இருக்கும். சத்திரம் இல்லாத ஊரில் வீட்டுத் திண்ணை இருந்தது. கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். யாரும் வாடகை கேட்டதில்லை.

ஆண்டுதோறும் நவராத்திரிக்குக் குமரி மாவட்டத்துச் சாமிகள் மூவர் திருவனந்தபுரம் வருகிறார்கள். பத்மநாபபுரம் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் தங்குகிறாள். வேளிமலை குமாரசுவாமி ஆரியசாலையில் தங்குகிறார். சுசீந்திரம் நங்கை செந்திட்டையில் தங்குகிறாள். விழா முடிந்து ஊர் திரும்புகிறார்கள். “சாமிக்கே மூன்று வீடு வேண்டியிருக்கு, நமக்கு வேண்டாமா?” என்று சித்தி சொன்னபோது எல்லாரும் சிரித்தோம்.

பிறகு லாட்ஜுகள் வந்தன. தம்பானூர் ரயில் நிலையத்தைச் சுற்றிலும் கிழக்கேகோட்டையிலும் நிறைய லாட்ஜுகள் இருக்கின்றன. இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. ஒரு வீட்டையோ வீட்டின் ஒரு அறையையோ நாலு நாளுக்கு, ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம். செல்போனிலேயே பார்த்து, செல்போனிலேயே பணம் கட்டிவிடலாம்.

இது எப்படித் தொடங்கியது தெரியுமா? அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ என்று ஒரு நகரம். 2007ஆம் ஆண்டு அங்கே இரண்டு இளைஞர்கள் வீட்டு வாடகை கட்டப் பணமில்லாமல் இருந்தார்கள். அப்போது நகரில் ஒரு பெரிய மாநாடு நடந்தது. ஓட்டல்களில் இடம் இல்லை. இவர்கள் காற்று அடைக்கும் மெத்தை மூன்றைத் தரையில் போட்டார்கள். மூன்று பேரைத் தங்க வைத்துக் காசு வாங்கினார்கள். 2008இல் அதையே ஒரு தொழிலாக்கினார்கள். ஏர்பிஎன்பி என்று இன்று உலகம் முழுவதும் சொல்கிறார்களே, அது இதுதான். ‘ஏர்’ என்றால் காற்று. அந்தக் காற்று மெத்தையின் பெயர்தான் அது.

அத்தைக்குக் கஞ்சி

மூட்டை தூக்கும் அண்ணனின் அத்தை நாகர்கோவில் பக்கத்து ஊர்க்காரர். அவருக்குப் புற்றுநோய் வந்தது. இங்கே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. 1981இல் தொடங்கிய மருத்துவமனை. ஆர்.சி.சி. என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து நிறையப் பேர் அங்கே வருகிறார்கள்.

அத்தைக்குக் கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள். இப்படி ஐந்து வாரம். ஒருநாள் வைப்பது சில நிமிடம்தான். ஆனால் அதற்காக நாகர்கோவிலிலிருந்து தினமும் வந்து போக அவருக்கு உடம்பில் தெம்பு இல்லை.

முதலில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். நாளுக்கு 800 ரூபாய். அறையில் அடுப்பு வைக்கக் கூடாது. மருந்தின் சூட்டில் அத்தைக்கு வாயெல்லாம் புண். கடைச் சோற்றில் காரம். ஒரு வாய் வைத்தாலே கண்ணில் நீர் வரும்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் மக்களே. கொஞ்சம் குழைஞ்ச கஞ்சி போதும்” என்று அத்தை சொன்னாராம்.

மகள் கஞ்சிக்காகக் கடை கடையாக அலைந்தார். காலையில் கஞ்சி கிடைக்கும். மாலையில் கிடைக்காது. நாலாவது நாள் அத்தை ஊருக்கே திரும்பிப் போகலாம் என்று அழத் தொடங்கிவிட்டார். வைத்தியத்தைப் பாதியில் விட்டால் என்ன ஆகும்? மகள் அன்று இரவு தூங்கவில்லை.

மறுநாள் மருத்துவமனை வரிசையில் நின்றிருந்த ஒரு பெண் வழி சொன்னார். பக்கத்துத் தெருவில் ஒரு சேச்சி மாடி அறையை வாடகைக்குக் கொடுக்கிறார். கேஸ் அடுப்பு உண்டு. இரண்டு கட்டில் உண்டு. நாளுக்கு 400 ரூபாய். போய்ப் பார்த்தார்கள். மாடிப்படி செங்குத்தாக இருந்தது. அத்தையால் ஏற முடியாது. வீடு கிடைத்தும் பயனில்லையே என்று நின்றார்கள். அந்தச் சேச்சி யோசித்தார். கீழே சாமான் போட்டு வைத்திருந்த அறையை இரண்டு நாளில் ஒழித்துக் கொடுத்தார்.

அன்று இரவே மகள் கஞ்சி வைத்தார். அத்தை இரண்டு கிண்ணம் குடித்தார். ஐந்து வாரமும் முடித்தார்.

நாங்கள் கரும்பலகையில் அந்தக் கணக்கைப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

லாட்ஜில் 35 நாள் இருந்திருந்தால்:
வாடகை 35 × 800 = 28,000 ரூபாய்
இரண்டு பேர் சாப்பாடு 35 × 300 = 10,500 ரூபாய்
மொத்தம் 38,500 ரூபாய்

வீட்டில் 35 நாள் இருந்தால்:
வாடகை 35 × 400 = 14,000 ரூபாய்
அரிசி, காய், பால் 35 × 120 = 4,200 ரூபாய்
கேஸ், கரண்டு 1,500 ரூபாய்
ஆட்டோ 25 நாளுக்கு 25 × 100 = 2,500 ரூபாய்
மொத்தம் 22,200 ரூபாய்

மிச்சம் எவ்வளவு? 16,300 ரூபாய். லாட்ஜ் மருத்துவமனை வாசலிலேயே இருந்தது. அதனால் அங்கே ஆட்டோச் செலவு இல்லை. வீட்டுக்கு உண்டு. பலர் வாடகையை மட்டும் பார்த்துவிட்டு இந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஒரே ஓர் இரவு தங்க வேண்டும் என்றால் நான் லாட்ஜுக்குத்தான் போவேன். நள்ளிரவில் வந்து இறங்கினாலும் அங்கே கதவு திறக்க ஓர் ஆள் இருப்பார். வீட்டுச் சாவி வாங்க இன்னொருவரை எழுப்ப வேண்டியதில்லை.

போட்டோவில் இருந்த வீடு

மாவு அரைக்கும் சித்தி அடுத்த கதையைச் சொன்னார். அது அவருடைய அண்ணிக்கு நடந்தது.

மாசி மாதத்தில் ஆற்றுகால் பகவதி கோயிலில் பொங்கல் விழா. கிழக்கேகோட்டையிலிருந்து கோயில் இரண்டு கிலோமீட்டர்தான். அன்று தெருவெல்லாம் செங்கல் அடுப்பு. அடுப்பு ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண். 1997இல் 15 லட்சம் பெண்கள் வந்தார்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் பதிந்தார்கள். 2009இல் 25 லட்சம் என்று பதிந்தார்கள். இத்தனை பேர் வந்தால் லாட்ஜில் இடம் எங்கே கிடைக்கும்?

அண்ணியும் ஊர்ப் பெண்கள் எட்டுப் பேரும் செல்போனில் ஒரு வீட்டைப் பார்த்தார்கள். அழகான போட்டோக்கள். பெரிய கூடம். வாடகையும் மலிவு. போனில் பேசியவர், “நாலு பேர் கேட்கிறார்கள், உடனே 3,000 ரூபாய் அனுப்புங்கள்” என்றார். அனுப்பிவிட்டார்கள்.

இரவு எட்டு மணிக்குத் தம்பானூரில் இறங்கிப் போன் செய்தார்கள். போன் அணைந்திருந்தது. முகவரியைத் தேடிப் போனார்கள். இங்கே வீட்டு எண்ணின் முன்னால் ‘டி.சி.’ என்று போட்டிருக்கும். அண்ணிக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. ஆனால் எண் படிக்கத் தெரியும். சுவரில் இருந்த எண்ணையும் போனில் வந்த எண்ணையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். எண் சரியாக இருந்தது. கதவைத் தட்டினார்கள். வயதான கணவனும் மனைவியும் வந்தார்கள்.

“வாடகையா? நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லையே!”

யாரோ அந்த முகவரியைத் திருடிப் போட்டிருக்கிறார். போட்டோ வேறு ஏதோ வீட்டின் போட்டோ. ஒன்பது பெண்கள் பொங்கல் பானையோடு தெருவில் நின்றார்கள். அந்த அம்மா உள்ளே கூப்பிட்டுக் கூடத்தில் படுக்க வைத்தார். காசு வாங்கவில்லை. பொங்கல் நாளில் இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் அப்படித்தான். கதவைத் திறந்து வைத்து, தண்ணீரும் கழிப்பறையும் கொடுப்பார்கள்.

ஆனால் 3,000 ரூபாய் போனது போனதுதான். ஊருக்குப் போய் இரண்டு நாள் கழித்துத்தான் புகார் சொன்னார்கள். பண மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. இந்தியாவில் எங்கிருந்தும் அழைக்கலாம். உடனே அழைத்தால் பணம் கை மாறும் முன் நிறுத்தி வைக்க வழி உண்டு. நேரம் போனால் அது கடினம்.

பேசிப் பழகுவோம்

இந்தக் கதையைக் கேட்டபின் எங்கள் வட்டத்தில் ஒரு விளையாட்டு வைத்தோம். ஒருவர் வீட்டுக்காரர். ஒருவர் வாடகைக்குக் கேட்பவர். பூக்கட்டும் அக்கா கேட்டார். நான் பதில் சொன்னேன்.

“சேச்சி, வணக்கம். வீட்டில் நீங்களும் இருப்பீர்களா?”

“நாங்கள் கீழே இருக்கிறோம். மாடி அறை உங்களுக்கு.”

“படி எத்தனை? என் மாமியாருக்கு முழங்கால் வலி.”

“பதினெட்டுப் படி.”

“சமைக்கலாமா? தண்ணீர் எந்த நேரமும் வருமா? கரண்டுக்குத் தனிக் காசா?”

“சமைக்கலாம். கரண்டு வாடகையில் சேர்ந்தது. ஏசி போட்டால் தனி.”

“நாங்கள் வராமல் போனால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா? கொடுக்கும் பணத்துக்கு ரசீது தருவீர்களா?”

“இரண்டு நாள் முன்னால் சொன்னால் தருவேன். ரசீது உண்டு.”

“போனில் வீட்டைக் காட்டுங்கள் சேச்சி. வாசலிலிருந்து நடந்து காட்டுங்கள்.”

கடைசிக் கேள்வியை அக்காவே யோசித்துக் கேட்டார். போட்டோவைத் திருடலாம். ஆனால் வீடியோ அழைப்பில் வாசலிலிருந்து நடந்து காட்டச் சொன்னால் திருடன் மாட்டிக்கொள்வான். எனக்கு இது தோன்றவில்லை. நான் அன்று அக்காவிடம் படித்தேன்.

கேரளத்தில் ‘ஹோம்ஸ்டே’ என்றால் வீட்டுக்காரர் குடும்பமும் அதே வீட்டில் இருக்க வேண்டும். சுற்றுலாத் துறை வீட்டைப் பார்த்து வைரம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்துச் சான்று தருகிறது. சான்று இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

வீட்டுக்காரரும் உங்களிடம் அடையாள அட்டை கேட்பார். அது அவர் உரிமை. ஆதார் எண் முழுவதையும் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறதா? கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ஆதாரை அரசின் ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம்.

பூக்கட்டும் அக்காவின் வீடு

பேச்சு முடியும் நேரத்தில் பூக்கட்டும் அக்கா மெல்லச் சொன்னார்.

“எல்லாம் சரிதான் டீச்சர். நான் இருக்கிற வீட்டையும் நாள் வாடகைக்கு விடப் போகிறாராம் வீட்டுக்காரர். மாதம் 6,000 கொடுக்கிறேன். நாள் கணக்கில் விட்டால் பத்தே நாளில் அது கிடைத்துவிடுமாம். கோயிலுக்கு வருகிறவர்கள் கொடுப்பார்களாம்.”

யாரும் பேசவில்லை. கோயில் நடை அதிகாலை மூன்றரை மணிக்கே திறக்கும். அதற்கு முன் அக்கா பூவோடு போயாக வேண்டும். தூரத்தில் வீடு பார்த்தால் அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் அல்ல. ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா என்ற நகரம் இருக்கிறது. அங்கே பயணிகளுக்கு வீடுகள் போனதால் ஊர்க்காரர்களின் வாடகை ஏறியது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2028க்குள் பயணிகளுக்கு விடும் அடுக்குமாடி வீடுகளின் உரிமங்களை நிறுத்துவோம் என்று அந்நகர மேயர் 2024இல் அறிவித்தார். நியூயார்க் நகரமும் 2023இல் கட்டுப்பாட்டை இறுக்கியது. 30 நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் வீட்டுக்காரரும் உடன் இருக்க வேண்டும்.

அத்தைக்கு ஒரு வீடு கிடைத்ததால் உயிர் தெளிந்தது. அதே வழக்கத்தால் அக்காவுக்கு வீடு போகப் போகிறது. இரண்டும் உண்மைதான். மூட்டை தூக்கும் அண்ணன் மறுநாள் வீட்டுக்காரரிடம் பேசப் போவதாகச் சொன்னார். கூட நானும் போனேன். ஆறு மாதம் தவணை கொடுத்திருக்கிறார். அதை எழுதித் தரும்படி கேட்டு வாங்கினோம். அக்கா அந்தக் காகிதத்தைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

எழுதிப் பழகுங்கள்

அத்தை தங்கிய வீட்டுச் சேச்சி கொடுத்த ரசீது போல ஒன்று கீழே இருக்கிறது. கோடிட்ட இடங்களை நிரப்புங்கள்.

தேதி: ________
வீட்டு எண்ணும் தெருவும்: ________
தங்குபவர் பெயர்: ________
எத்தனை பேர்: ________
________ஆம் தேதி முதல் ________ஆம் தேதி வரை
நாள் வாடகை: ________ ரூபாய்
பெற்றுக்கொண்ட அட்வான்ஸ்: ________ ரூபாய்
மீதி: ________ ரூபாய்
வீட்டுக்காரர் கையெழுத்து: ________