ஏரி எது, கடல் எது?

கெராச்சுட் கடற்கரை ஏரியில் உப்புநீர் இருக்கிறதாமே. காஸ்பியன் கடலையோ ஏரி என்கிறார்கள். எதை வைத்து இவற்றைப் பிரிக்கிறார்கள்?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

உப்பையும் பரப்பையும் ஒதுக்கிவிட்டு, அந்நீர் மகாசமுத்திரத்தோடு சமமட்டத்தில் இயற்கையாகவே இணைந்திருக்கிறதா என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள். தங்கள் ஐயம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பெர்ரியில் கடக்கும் நீர், அகலத்தில் குறுகியதாயினும், மலாக்கா நீரிணை வழியே இந்து மகாசமுத்திரத்தோடு சேர்ந்திருப்பதால், சந்தேகமின்றிக் கடலே. காஸ்பியனோ, சுமார் 371,000 சதுர கிலோமீட்டர் விரிந்து உப்புக் கரித்தாலும், நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்டு, சமுத்திர மட்டத்துக்குச் சுமார் 28 மீட்டர் தாழ்ந்து கிடப்பதால், பூகோள சாஸ்திரப்படி உலகின் மிகப் பெரிய ஏரியாகும்.

ஆயினும் எண்ணெய் வளத்தைப் பங்கிடும் நாடுகளுக்குப் பூகோளம் மட்டும் போதவில்லை. 2018 ஆகஸ்டு 12 அன்று அக்தாவ் நகரில் கரையோர நாடுகள் ஐந்தும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, கடலுக்குரிய சட்டத்தையோ ஏரிக்குரிய சட்டத்தையோ முழுமையாக ஏற்காமல், காஸ்பியனுக்கெனத் தனி விதிகளையே வகுத்தது.

கெராச்சுட்டில், மணல் திட்டுக்கு உட்புறம் தேங்கிய நீரில், கடலிலிருந்து புகுந்த கனமான உப்புநீர் அடியிலும், ஓடைகள் கொணர்ந்த நன்னீர் மேலுமாக, ஒன்றோடொன்று கலவாமல் அடுக்காக நிற்கின்றன. உப்பு இருந்தும் அது ஏரியே. வறண்ட மாதங்களில் அது வற்றிவிடுவதும் உண்டு என்பதால், நல்ல மழை பெய்து ஓய்ந்த பின்னர், தெலுக் பஹாங்கிலிருந்து தேசியப் பூங்காவின் காட்டுப்பாதை வழியே சென்று, இத்தகைய அபூர்வ ஏரியைத் தாங்கள் அவசியம் கண்டுவர வேண்டும்.