நீர் சென்ற வழி

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் நீம் என்னும் பழம்பெரு நகரம் உள்ளது. உரோமர் ஆட்சிக் காலத்தில் அது செழித்து ஓங்கிற்று. அந்நகரில் இயற்கையான ஊற்று ஒன்று இருந்தது. எனினும், நீராடும் மண்டபங்களுக்கும் பொதுத் தொட்டிகளுக்கும் செல்வர் இல்லங்களுக்கும் அதன் நீர் போதவில்லை. ஆதலின், உசேஸ் என்னும் ஊரின் அருகேயுள்ள ஊற்றிலிருந்து நீர் கொணர உரோமர் கருதினர். கி.பி. முதல் நூற்றாண்டில் அக்கருத்து நிறைவேறிற்று. அந்நீர் சென்ற வழியை இன்று மோட்டார் வண்டியில் ஒரே நாளில் கண்டு திரும்பலாம். மாணவர்களே, நாமும் அவ்வழியே சென்று காண்போம்.

காலையில் நீம் நகரினின்று வடக்கு நோக்கிப் புறப்பட்டால், ஒரு மணி நேரத்திற்குள் உசேஸை அடையலாம். ஊர் மேட்டின்மேல் அமைந்துள்ளது. அதன் கீழுள்ள பள்ளத்தாக்கில், மரநிழலில், அந்த ஊற்று இன்றும் சுரந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து நீம் நகருக்கு நேர்த்தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டரே. ஆயினும், இடையே குன்றுகள் குறுக்கிடுதலின், உரோமர் அமைத்த கால்வாய் வளைந்து வளைந்து 50 கிலோமீட்டர் தொலைவு செல்கின்றது. அதன் பெரும்பகுதி நிலத்தினுள் மறைந்திருக்கிறது.

இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. கால்வாயின் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் உள்ள உயர வேறுபாடு 12.6 மீட்டரே. சராசரியாகப் பார்த்தால், ஒரு கிலோமீட்டருக்குக் கால்வாய் தாழ்வது ஏறத்தாழ ஒரு சாண் அளவு. சரிவு மிகுந்தால் நீர் விரைந்தோடிக் கால்வாயை அரிக்கும். குறைந்தால் தேங்கி நிற்கும். இவ்விரண்டும் நேராதவாறு அளந்து அமைத்த அக்காலப் பொறியாளரின் நுண்ணறிவை என்னென்பது!

உசேஸிலிருந்து தென்கிழக்கே சென்றால், கார்தோன் என்றும் கார் என்றும் வழங்கும் ஆற்றை அடைகிறோம். வண்டியைக் கரையருகே நிறுத்திச் சிறிது தொலைவு நடந்தால், 'பான் து கார்' என்னும் பாலம் கண்ணெதிரே எழுந்து நிற்கும். கார் ஆற்றுப் பாலம் என்பது அப்பெயரின் பொருள். ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீரைக் கொண்டுசெல்லவே இது கட்டப்பட்டது. ஏறத்தாழ 49 மீட்டர் உயரமுள்ள இப்பாலம் மூன்று அடுக்குகளை உடையது. கீழடுக்கில் 6 வளைவுகளும், நடுவடுக்கில் 11 வளைவுகளும் உள்ளன. மேலடுக்கில் முன்னாளில் இருந்த 47 வளைவுகளுள் 35 எஞ்சியுள்ளன. கீழிரண்டு அடுக்குகளில் சாந்து பூசாமலே கற்களை இணைத்துள்ளனர். அவற்றுள் சில 6 டன் எடையுள்ளவை. 1958ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் கீழடுக்கு முழுவதும் மூழ்கிற்று. பிற்காலத்துப் பாலங்கள் சில அடித்துச் செல்லப்பட்டன. இதுவோ அசையாது நின்றது.

இத்துணை உறுதியான பாலம் நின்றும், நீர் ஏன் நின்றது? கால்வாயின் உட்புறத்தை நோக்கினால் விடை கிடைக்கும். ஊற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது நாள்தோறும் சுவரில் சிறிது சிறிதாகப் படியும். உரோமர் ஆட்சி வலிமையுற்றிருந்த காலத்தில் பணியாளர் அதனைச் சுரண்டிக் கால்வாயைத் தூய்மை செய்தனர். ஆட்சி தளர்ந்தபின் அப்பணி தளர்ந்தது. படிவு கல்லாய் இறுகி, சில இடங்களில் இருபுறமும் 40 சென்டிமீட்டருக்கு மேல் தடித்தது. 1.2 மீட்டர் அகலமுள்ள கால்வாயில் அதற்குப்பின் எஞ்சும் வழி எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்! நீர் குன்றிற்று, பின்னர் அறவே நின்றது. கால்வாயின் கற்களைப் பெயர்த்து அயலூரார் தம் கட்டடங்களுக்குக் கொண்டனர். ஆற்றைக் கடக்க வழியாகப் பயன்பட்டமையின், மக்கள் இப்பாலத்தை மட்டும் விட்டுவைத்தனர். அவ்வப்போது பழுதும் பார்த்தனர்.

மாலையில் நீம் நகருக்குத் திரும்பினால், நீர் வந்து சேர்ந்த இடத்தையும் காணலாம். 1844ஆம் ஆண்டில் வெளிப்பட்ட அது, ஏறத்தாழ 6 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி. அதன் சுவரில் 10 துளைகள் உள்ளன. அவற்றின் வழியே ஈயக் குழாய்கள் நகரெங்கும் நீரைப் பகிர்ந்தளித்தன. உசேஸ் ஊற்று இன்றும் வற்றவில்லை. இத்தொட்டியோ வறண்டு கிடக்கிறது.

வெள்ளம் அழிக்க இயலாத பெரும்பணியை, தூய்மை செய்வார் இன்மை பயனற்றதாக்கிவிட்டது. ஒன்றைக் கட்டுவோர் பெயர் நெடுங்காலம் பேசப்படுகிறது. அதை நாள்தோறும் காத்தவர் பெயரை ஒருவரும் அறியார். ஆயினும், மக்களுக்கு நீர் தந்தது அவ்விருவர் உழைப்புமேயன்றோ!